பதினஞ்சு இஞ்சு வளைவு

நீங்களும் சேலம்தானா சார்? நல்லதாப் போச்சு. நாமக்கல்ல எறங்குற ஆளு பக்கத்துல உக்காந்தா பேச்சு பாதியில நின்னுடும். எனக்கு ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. வீட்டுல அதுக்குன்னே தனியாத் திட்டு வாங்குவேன்.

மடியில இருக்கிறத கேக்குன்னு நெனச்சிருப்பீங்க. கிறிஸ்மஸ் முடிஞ்சு பத்து நாளாச்சு, இன்னுமா கேக்கு. எஞ்சின் சார் இது. ரயில் எஞ்சின். பொம்மைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எனக்குக் கோவம் வரும். மாடல். நெஜ எஞ்சின எம்பத்தேழுல ஒரு பங்காச் சுருக்கி, ஒரு குழாய் விடாம, ஒரு படி விடாம அப்படியே செஞ்சிருக்கான் கம்பெனிக்காரன். கரி எஞ்சின். ஒரு பக்கத்துக்கு அஞ்சு பெரிய சக்கரம், முன்னாடி ஒரு சின்னச் சக்கரம். என் மகன் பிரிட்டோ ஜெர்மனியில இருந்து எனக்கு அனுப்பினது. அத அவங்கிட்டயே திருப்பிக் குடுக்கத்தான் போறேன்.

ஆமா, திருப்பிக் குடுக்கத்தான். நாளைக்கு பெங்களூர்ல இருந்து அவனுக்குப் பிளைட்டு. இன்னைக்கு சேலத்துல மாமியார் வீட்டுல இருக்கான். பத்தரை மணிக்கு பஸ் ஸ்டாண்டுல எறங்குவேன், வந்து கூட்டிட்டுப் போடான்னு நேத்து போன்ல சொன்னேன். 'முடிஞ்சா வரேம்ப்பா'ங்குறான். முடிஞ்சாவாம். பெத்த அப்பன் முட்டி வலியோட மூணரை மணி நேரம் பஸ்ல வரான், இவனுக்கு முடிஞ்சா. நானும் முடிவு பண்ணிட்டேன் சார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்னா எனக்கு ஒரு மகன் இருக்கான். வரலைன்னா, பொட்டிய அந்த வீட்டு வாசல்ல வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம அடுத்த பஸ்ல ஏறிடுவேன்.

என்ன தப்பு செஞ்சேன்னு நீங்களே சொல்லுங்க. வெளியாளு சொன்னாத்தான் சரியா வரும். வீட்டுல எல்லாம் அவன் கட்சி.

என் பேரு சிங்கராயர். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல டர்னர். சக்கரம் கடையிற வேலை, முப்பத்தி நாலு வருஷம். ரயில் சக்கரத்துக்கு உள்பக்கமா ஒரு உதடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும் பாத்திருக்கீங்களா? அதுக்குப் பேரு பிளாஞ்சு. அதுதான் வண்டியத் தண்டவாளத்த விட்டு எறங்காமப் பிடிச்சு வைக்குது. நீங்க இத்தன வருஷம் ரயில்ல போயிட்டு உசுரோட வந்தீங்கன்னா அந்த ஒரு இஞ்சு உதட்டாலதான். அத எத்தன ஆயிரம் கடைஞ்சிருப்பேன் நான். அப்படிப்பட்டவனப் பாத்து, சக்கரத்துல கை வச்சுட்டேன்னு குத்தம் சொன்னா எப்படி இருக்கும்?

எம்பத்தொம்பதுல எங்க ஆபீசர் ஒருத்தர் வடக்க மாத்தலாகிப் போறப்ப, அவர் வீட்டு மாடல் ரயிலு செட்ட எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு. ரெண்டு சின்ன எஞ்சின், ஆறு பெட்டி, ஒரு கூடைத் தண்டவாளம். அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு. வளைவுத் துண்டெல்லாம் பதினஞ்சு இஞ்சு. அப்படின்னா, வட்டத்துக்கு நடுவுல ஆணி அடிச்சு நூலக் கட்டினா, தண்டவாளத்துக்குப் பதினஞ்சு இஞ்சு நூலு. சின்ன வட்டம்தான். ஆனா என் சின்ன எஞ்சின் ரெண்டும் அதுல கண்ண மூடிக்கிட்டு ஓடும். ஸ்டேஷன் கட்டினேன், பாலம் கட்டினேன், மலையக் கொடைஞ்சு சுரங்கம் வச்சேன். ரிட்டயர் ஆகி சொந்தமா வீடு கட்டினப்ப மாடியில ஒரு ரூம முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். பிரிட்டோவுக்குன்னு கட்டின ரூம்தான். அவன்தான் படிப்பு, வேலைன்னு வெளியவே இருக்கானே. வரப்ப ஹால்ல பாயப் போட்டா ஆச்சு. முப்பத்தஞ்சு வருஷமா அதே வளைவு சார். வீடு மாறினப்பக் கூட அளவு ஒரு நூலு மாறினது கிடையாது. என் வீட்டுக்கு வரவன் எவனும் அத மாத்துன்னு சொன்னது கிடையாது.

போன வருஷம் ஆகஸ்டு வாக்குல இவன் போன் பண்ணான். 'அப்பா, உங்க வளைவு எத்தன இஞ்சு?' பதினஞ்சுன்னேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடி. 'அப்பா, பதினஞ்சுதானே, நல்லா அளந்து சொல்லுங்க.' எனக்குச் சிரிப்பு வந்துச்சு. டர்னர்கிட்ட வந்து அளந்து சொல்லுன்னு கேக்குறான். பதினஞ்சேதான்டா, எழுதிக்கோன்னேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். மூணாம் மனுஷன் மாதிரி சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டு வச்சுடற பய, தண்டவாளத்தப் பத்திக் கேக்குறானேன்னு.

அக்டோபர்ல ரெண்டு அட்டைப்பெட்டி வந்துச்சு. கூடவே போன். 'அப்பா, ரெண்டையும் பிரிக்காதீங்க. டிசம்பர்ல இருபது நாள் லீவு போட்டிருக்கேன். பத்து நாள் உங்களோடதான். வந்ததும் சேந்து பிரிப்போம்.' சரிடான்னேன். போன வச்சுட்டுப் பிரிச்சேன். பின்ன என்ன சார், எனக்குன்னு வந்த சாமான், ரெண்டு மாசம் மொகத்தப் பாக்காம வச்சிருக்க முடியுமா?

ஒரு பெட்டியில இந்த எஞ்சின். அடேயப்பா. தூக்கிப் பாத்தேன், ஒரு கிலோ இரும்புக் கல்லு மாதிரி கனம். கதவுப் பிடி, மணி, ஏணி எல்லாம் ஊசி முனையால வச்ச மாதிரி. இன்னொரு பெட்டியில வெறும் தண்டவாளம். முப்பது முப்பத்தஞ்சு துண்டு, எல்லாம் வளைவு. எங்கிட்ட இருக்கிறதை விட ரொம்ப அகலமான வளைவு. இது எதுக்கு எனக்குன்னு மூடி வச்சுட்டேன்.

எஞ்சினத் தண்டவாளத்துல வச்சேன். நேர்ல ராஜா மாதிரி போச்சு. வளைவுல மொத மூணு இஞ்சு போனதும் ஏறிக் கவுந்துடுச்சு. திரும்ப வச்சேன், திரும்பக் கவுந்துச்சு. எதனாலன்னு எனக்குத் தெரியாதா? அஞ்சு சக்கரமும் ஒரே நேர்கோட்டுல கட்டிப் போட்டது. தண்டவாளம் வளையுது, இது வளையாது. மொதச் சக்கரமும் கடைசிச் சக்கரமும் வெளித் தண்டவாளத்த முட்டும், நடுச் சக்கரம் உள்தண்டவாளத்த முட்டும். ரெண்டு பக்கமும் நெருக்கினா எது ஏற எடமிருக்கோ அது ஏறித்தான் ஆகும். அப்புறம் பாத்தா, பெட்டி மேலயே கம்பெனிக்காரன் போட்டிருக்கான், ரெண்டடி வளைவுக்குக் கொறைஞ்சு ஓட்டாதீங்கன்னு. ரெண்டடி. எனக்கு ஒண்ணேகால் அடி.

போன் பண்ணிக் கேட்டேன். என்னடா, ரெண்டு தடவ அளவு கேட்டியே, பெட்டி மேல எழுதியிருக்கிறதப் படிக்கலையான்னு. 'பிரிச்சுட்டீங்களாப்பா'ன்னான். அப்புறம், 'அது பதினஞ்சுல ஓடாதுன்னு தெரிஞ்சுதாம்ப்பா அனுப்பினேன். நான் வந்ததும் பழைய வளைவப் பேத்துட்டு, அந்தத் தண்டவாளத்தப் போட்டு ரெண்டு பேருமாப் புதுசாக் கட்டலாம்'ங்குறான்.

தெரிஞ்சே அனுப்பினானாம். படிச்ச பையன் சார், அங்க ஆபரேஷனுக்கு உண்டான கருவி செய்யிற கம்பெனியில இருக்கான். கண்ணுக்கே தெரியாத திருகாணியெல்லாம் மாட்டுறானாம். அவனுக்கு, என் வளைவுல ஓடுற மாதிரி ஒரு எஞ்சினப் பாத்து வாங்கத் தெரியலையா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. இவ, என் வீட்டுக்காரி அமலி, 'உங்களுக்குப் புரியாது, விடுங்க'ங்குறா. புரியிற மாதிரி ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

முசிறி தாண்டியாச்சா? பரவாயில்ல, வேகமாத்தான் போறான்.

முப்பத்தஞ்சு வருஷத்து வளைவப் பேக்கறதாவது. சுரங்கம் என்ன ஆவுறது, பாலம் என்ன ஆவுறது? நான் யோசிச்சேன். ஓடாத எஞ்சின ஓட வைக்கிறதுக்குத்தானே முப்பத்தி நாலு வருஷம் சம்பளம் வாங்கினோம். அவன் வர அன்னைக்கு இத என் வளைவுல ஓட்டிக் காட்டிடணும். பய அசந்து போகணும். அப்பான்னா என்னன்னு தெரியணும்.

நவம்பர் பூரா அதுதான் வேலை. அடிமூடியக் கழட்டி, நடுச் சக்கரத்தோட பிளாஞ்ச அரத்தால ராவினேன். மொழுமொழுன்னு. அதுக்கும் முட்டுச்சு. அதுக்கு முன்ன பின்ன இருக்கிற ரெண்டையும் ராவினேன். முன்னாடி சின்னச் சக்கரம் திரும்பறப்ப ஏணியில இடிச்சுது. ஏணியக் கத்தரிச்சேன். மூக்கு வெளிய நீட்டி என் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல உரசுச்சு, ரெண்டு குழாயையும் பக்கத்துப் படியையும் எடுத்துட்டேன். பின்னாடி கோத்திருக்கிற கரிப்பெட்டி எஞ்சினோட முட்டுச்சு, நடுவுல கம்பிய நீட்டி முக்கா இஞ்சு இடைவெளி விட்டேன். வெட்டினது எதையும் தூக்கிப் போடல சார். எல்லாம் ஒரு தீப்பெட்டியில இருக்கு. ஒண்ணு கொறையாது. அமலி பாத்துட்டு, 'அவன் வர வரைக்கும் பொறுக்கக் கூடாதா, அவன்தானே சேந்து செய்யலாம்னான்'னு பொலம்பினா. ரயிலப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்.

ஓடுச்சா இல்லையா? ஓடுச்சு சார். ஒரு தடவை கூடக் கவுழல.

அதோட அந்தத் தண்டவாளப் பெட்டி. இனி அது வேண்டாதது ஆச்சு. எங்க பங்குக் கோயில்ல இளைஞர் மன்றத்துப் பசங்க கிறிஸ்மஸ் குடில் போடறதுக்கு வித்தியாசமா ஏதாவது குடுங்க ஐயான்னு வந்தாங்க. தூக்கிக் குடுத்துட்டேன். தெர்மாகோல்ல ஆணி அடிச்சு, பாலன் ஏசுவச் சுத்தி வட்டமாப் போட்டு, பனி பெஞ்ச மாதிரி வெள்ளைப் பெயிண்டு அடிச்சுட்டாங்க. பங்குச்சாமி பூசையிலயே என் பேரச் சொல்லி நன்றி சொன்னாரு. நல்ல காரியம்தானே?

டிசம்பர் பதினெட்டு, இவன் வந்தான். பொண்டாட்டி நிம்மிய நேரா சேலத்துக்கு அனுப்பிட்டு இவன் மட்டும். பெட்டியத் தொறந்தா துணியவிட சாமான்தான் ஜாஸ்தி. சின்ன ரம்பம், டேப்பு, பசை, நாலா மடிச்ச பெரிய காகிதம். அதுல என் ரூம அப்படியே வரைஞ்சிருக்கான். மேஜைய செவுத்த விட்டு ஒண்ணரை அடி தள்ளிப் போட்டா ரெண்டடி வளைவு தாராளமா வருதாம். நடுவுல ரெண்டு கட்டம் போட்டு, ஒண்ணுல 'அப்பா', ஒண்ணுல 'நான்'னு எழுதி வச்சிருக்கான். ரயில் ஓட்டறதுக்கு ரெண்டு பேரு எதுக்கு சார்? ஒரு கை போதும்.

சின்ன வயசுலயும் அப்படித்தான், நான் ரயில் ஓட்டறப்ப பக்கத்துலயே நிப்பான். நான் கிட்டக்க விட மாட்டேன். பிள்ளைங்க கை சும்மா இருக்காது. அங்க நின்னு பாருன்னு கதவாண்ட ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன். தாண்ட மாட்டான். அந்த விஷயத்துல தங்கமான பையன்.

காகிதத்த மடிடா, மேல வான்னு கூட்டிட்டுப் போனேன். சுவிட்ச்சப் போட்டேன். எஞ்சின் கெளம்புச்சு. நேர்ல போயி, வளைவுல எறங்கி, சுரங்கத்துல புகுந்து, இந்தப் பக்கம் வந்துச்சு. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, பத்துச் சுத்து. நான் எஞ்சினப் பாக்கல சார், அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். குனிஞ்சு தண்டவாளத்து மட்டத்துக்குக் கண்ண வச்சுப் பாத்தான். அடிப்பக்கத்தக் காட்டுங்கன்னான். நிறுத்தித் திருப்பிக் காட்டினேன். ராவின சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். ஏணி இருந்த எடத்தப் பாத்தான். 'நல்லா ஓடுதுப்பா'ன்னான்.

அவன் வாயால சொன்னது. நல்லா ஓடுதுன்னு. நான் கேட்டு வாங்கல.

அப்புறம், 'அந்த இன்னொரு பெட்டி எங்கப்பா'ன்னான். கோயிலுக்குக் குடுத்துட்டேன்டா, நமக்கு இனிமே எதுக்குன்னேன். மறுநாளு அம்மாவும் மகனும் கோயிலுக்குப் போனாங்க. குடில் முன்னாடி அரை மணி நேரம் நின்னானாம். அமலி வந்து சொல்றா. பூசை இல்ல, ஒண்ணும் இல்ல, குடில்ல அரை மணி நேரம் பாக்க என்ன இருக்கு? அதுக்கும் மறுநாளு பூரா படுத்துக் கெடந்தான். நாலாவது நாளு காலையில பெட்டியக் கட்டிட்டான். 'நிம்மி கூப்பிடுறா, சேலத்துக்குப் போறேம்ப்பா.' கிறிஸ்மஸுக்கு வந்துடுவியாடான்னேன். 'பாக்குறேம்ப்பா.' அந்த ரம்பம், பசை, டேப்பு எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான். காகிதத்த மட்டும் ஹால்ல விட்டுட்டான். மறந்துட்டான் போல.

சண்ட போட்டானா? இல்ல. ஒரு வார்த்தை கூடக் கொறையாச் சொன்னானா? இல்ல. கத்தியிருந்தா நானும் நாலு கத்திட்டு முடிச்சிருப்பேன். ஒண்ணும் சொல்லாம போறவங்கிட்ட என்னத்தப் பேசுறது?

கிறிஸ்மஸுக்கு அவன் வரல. இருவத்தி மூணாந்தேதி அமலியும் 'நான் எம்புள்ளையோட இருக்கப் போறேன்'னு கெளம்பிட்டா. என்னையும் வாங்கன்னுதான் சொன்னா. நான் எதுக்கு வரணும், அவன்தானே இங்க வரணும்? கிறிஸ்மஸ் அன்னைக்கு எதிர்த்த வீட்டுல குடுத்த பிரியாணியத் தின்னுட்டு மாடியில உக்காந்து இந்த எஞ்சின ஓட்டினேன். பகல் பூரா ஓட்டினேன். கவுழவே இல்ல. இருட்டின பின்னாடியும் சுவிட்ச்ச அணைக்காம அங்கயே உக்காந்திருந்தேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல.

அதான் முடிவு பண்ணேன். அப்பன் கஷ்டப்பட்டு ஓட வச்ச எஞ்சின் உன் கண்ணுக்கு ஆகலைல்ல, எடுத்துட்டுப் போ. உங்க ஊர்ல பெரிய பெரிய வளைவு போட்டு ஓட்டு. எனக்கு என் சின்ன எஞ்சின் ரெண்டு போதும்.

நேத்து அமலி போன்ல அழுவுறா. 'பொட்டியத் தூக்கிட்டு வராதீங்க. சும்மா வாங்க. வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடுத்த தடவ வாடா, எல்லாத்தையும் பேத்துட்டு நாம ரெண்டு பேரும் சேந்து போடலாம்னு. அது போதும் அவனுக்கு'ன்னா. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறத எதுக்குப் பேக்கணும்னேன். போன வச்சுட்டா.

ராசிபுரம் போயிடுச்சுல்ல? அப்ப இன்னும் முக்கா மணி நேரம்.

சார், ஒண்ணு கேக்கட்டுமா. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லிடுவீங்களா? ம். சொல்லிட்டா கொறைஞ்சா போயிடுவோம்ங்கிறீங்க. அதுவும் சரிதான். ராத்திரியெல்லாம் நானும் அதத்தான் யோசிச்சேன். இன்னைக்கு விட்டா அடுத்து எப்ப வருவானோ. எனக்கு அறுவத்தெட்டு. சொல்லித் தொலைக்கிறேன். வந்தான்னா சொல்றேன். சேந்து போடலாம்டான்னு. நாலு வார்த்தை, அவ்வளவுதானே. சுரங்கத்த மட்டும் தொடக் கூடாதுன்னு அப்புறமாச் சொல்லிக்கலாம்.

வரணுமே மொதல்ல.

இதான் பஸ் ஸ்டாண்டா? என்ன கூட்டம். உங்க பக்கம் ஜன்னல் வழியாக் கொஞ்சம் பாருங்க சார். உயரமா, கண்ணாடி போட்டு, முன்னாடி முடி கொட்டியிருக்கும். நீலச் சட்டையா? எங்க? அவன்தான். அவன்தான் சார். வந்துட்டான். கடைசியில வந்துட்டான் பாருங்க. ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாத்துக்கிட்டு வரான். எப்ப இருந்து நிக்கிறானோ, சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு கெடக்கு. இருங்க, எனக்குக் கண்ணு மறைக்குது, கம்பியப் பிடிச்சுக்குறேன். பிரிட்டோ. டேய், இந்தா, இங்கடா.

பாத்துட்டான். படிக்கட்டுக்கே ஏறி வரான் பாருங்க. ரெண்டு கையும் நீட்டுறான். 'பொட்டிய இப்படிக் குடுங்கப்பா, நீங்க மெதுவா எறங்குங்க'ங்குறான்.

வேணாம்டா, விடு. ஒனக்குப் பிடிக்கத் தெரியாது, அடியில கையக் குடுத்துப் பிடிக்கணும். கீழ போட்டின்னா போச்சு. விடுன்னா விடேன், நானே கொண்டாரேன்.

பாத்தீங்களா சார். கையக் கீழ போட்டுட்டான். இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?